ஒரே ஒரு வார்த்தை இங்கிலீஷ்

என் மனைவிக்கு இங்கிலீஷ் வந்துவிடக் கூடாது என்ற ஒரே லட்சியத்தோடுதான் நான் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

இப்படி ஒரு வாத்தியாரை உலகம் பார்த்திருக்காது. ஆனால் எனக்கு அப்போது வயது இருபத்தேழு. கல்யாணமாகி எட்டு மாதம். அந்தப் பருவத்தில் ஓர் ஆண்பிள்ளை தன்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொள்வதைச் சட்டம் போட்டாலும் தடுக்க முடியாது.

நான் ஓர் ஆங்கிலத் தினசரியில் வேலை பார்த்தேன். 'பத்திரிகையில வேலை' என்றதுமே பெண் வீட்டார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வரி விளம்பரப் பிரிவு. கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, குமாஸ்தா தேவை, வீடு தேவை, பழைய சைக்கிள் தேவை என்று வருகிறவர்களின் தேவைகளை நாலு வரிக்குள் மடித்துத் தர வேண்டும். முக்கால்வாசி விளம்பரம் ஒரே வார்த்தையில்தான் தொடங்கும். 'வான்டட்.' ஒரு நாளைக்கு அறுபது தடவை அதை எழுதுவேன். ஆபீசில் எனக்குப் பெயரே 'வான்டட்' ஆகிவிட்டது. ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் தொலைந்துபோன குடைக்காக விளம்பரம் கொடுக்க வந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒருவன் "யோவ் வான்டட், இங்க வாய்யா" என்று கத்தினான். அவர் குடையை மறந்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

மாடியில் இரண்டு அறை கொண்ட வீடு. கீழே டைப் அக்கா இருந்தார். கோர்ட் வாசலில் மேஜை போட்டு மனு டைப் அடிப்பவர். வீட்டிலும் ஒரு மிஷின் வைத்திருந்தார். எங்கள் ஜன்னல் வழியாகத் தெரு முழுக்கத் தெரியும். தெருவுக்கும் நாங்கள் முழுக்கத் தெரிவோம். இன்றைக்கு நினைத்தாலும் அந்த அறைகளின் சுண்ணாம்பு வாசனை மூக்கில் வருகிறது.

ஒரு நாள் சாயங்காலம், நான் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் அவள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"கோவிச்சுக்க மாட்டேன்னு முதல்ல சொல்லுங்க."

"மாட்டேன்."

"நான் வேலைக்குப் போகலாம்னு இருக்கேன்."

கோபித்துக்கொண்டேன்.

"உனக்கு இங்க என்ன குறை?"

"குறைன்னு யாரு சொன்னா? ஆசைன்னுதான் சொல்றேன்."

"அப்படி என்ன ஆசை?"

"நீங்க எட்டரைக்குப் போனா ஆறரைக்கு வர்றீங்க. நடுவுல பத்து மணி நேரம். ரெண்டு ரூமையும் பெருக்கிப் பார்த்துட்டேன், கூட்டிப் பார்த்துட்டேன். பொழுதைத்தான் கழிக்க முடியலை."

எனக்கு அவள் வேலைக்குப் போவதில் ஏன் அவ்வளவு மறுப்பு என்று இன்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மானம், மரியாதை எதுவும் இல்லை. சாயங்காலம் நான் வந்ததும் ஒரு டம்ளர் காபியும், அன்றைக்கு ஜன்னலில் நான் எத்தனை பேரை எப்படிச் சமாளித்தேன் என்று சொல்லக் கேட்க ஓர் ஆளும் வேண்டியிருந்தது. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். உலகத்தில் வேறு யாரும் அப்படி என்னைக் கேட்டதில்லை. அந்த ஆள் ஏதோ ஓர் ஆபீசில் உட்கார்ந்துவிட்டால் என் பெருமையைச் சுவருக்கா சொல்வேன்?

இதையெல்லாம் மனைவியிடம் சொல்ல முடியுமா? அதனால், "எந்த ஆபீசுக்குப் போனாலும் இங்கிலீஷ் கேப்பாங்க. உனக்குத் தெரியாதே" என்றேன், வருத்தப்படுவது போல.

"உங்களுக்குத் தெரியுமில்லை? சொல்லிக்குடுங்க."

மாட்டேன் என்றால் சண்டை. சரி என்றால் ஆபத்து. அப்போதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. சொல்லிக்கொடுப்போம். ஆனால் முதல் பாடத்திலேயே தலை சுற்றி, 'ஆளை விடுங்க சாமி' என்று அவளே ஓடிப்போகிற மாதிரிச் சொல்லிக்கொடுப்போம். அதற்கு ஏற்ற வார்த்தை ஒன்று என்னிடம் இருந்தது. எட்டு வருஷமாக அதோடுதானே குடித்தனம்.

மறுநாள் இரண்டு செங்கல் கனத்தில் இருந்த அகராதியைத் தரையில் தொப்பென்று வைத்தேன். அவள் புது நோட்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதிக்கோ. வான்ட்."

"வாண்டா? பொடிப்பசங்களைச் சொல்ற மாதிரி இருக்கே."

"வாண்டு இல்லை, வான்ட். ஆசைப்படறதுன்னு அர்த்தம். ஐ வான்ட் காபி. எனக்குக் காபி வேணும்."

"இப்பதானே குடிச்சீங்க?"

"உதாரணத்துக்குச் சொன்னேன்."

"சரி, மேல சொல்லுங்க."

"ஆனா ஆசைன்னு மட்டும் நினைச்சா மாட்டிக்குவே. இல்லாமை, குறைன்னும் அர்த்தம் இருக்கு. 'ஃபார் வான்ட் ஆஃப் ரெய்ன்' அப்படின்னா மழை இல்லாததால. மழைக்கு ஆசைப்பட்டுன்னு சொன்னா சிரிப்பாங்க."

அவள் எழுதினாள். நான் அடுத்த குண்டைப் போட்டேன்.

"'தி வால் வான்ட்ஸ் பெயின்டிங்.' செவுரு ஆசைப்படுதுன்னு இல்லை. அதுக்குப் பெயின்ட் அடிச்சாகணும்னு அர்த்தம்."

"செவத்துக்குமா?"

"செவுரு, ஜன்னல், சைக்கிள், எல்லாத்துக்கும். அப்புறம் 'தி மேனேஜர் வான்ட்ஸ் யூ.' மேனேஜர் உன்னைக் கூப்பிடறார்."

"முதல்ல ஆசைப்படறதுன்னீங்களே?"

"மேனேஜர் ஆசைப்பட மாட்டார். கூப்பிடுவார். அதே மாதிரி போலீஸ் ஸ்டேஷன்ல வான்டட்னா திருடன். எங்க பேப்பர்ல வான்டட்னா குமாஸ்தா."

"கீழ அக்கா நேத்து, பஸ்காரன் வான்டடா நிறுத்தாம போயிட்டான்னாங்களே, அது?"

"அது இங்கிலீஷே இல்லை. நம்ம 'வேணும்னே'க்கு யாரோ கோட்டு மாட்டி விட்டிருக்காங்க. வெள்ளைக்காரன்கிட்ட சொன்னா முழிப்பான்."

பேனாவைக் கீழே வைத்தாள். நெற்றியை அழுத்தினாள். "ஒரு வார்த்தைக்கு ஒழுங்கா ஒரு அர்த்தம் வச்சுக்கத் தெரியாதா இவங்களுக்கு?" என்றாள். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சாப்பாடு போடும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"குறைக்கும் ஆசைக்கும் இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைன்னீங்க இல்லை?"

"ஆமா."

"அன்னிக்கு நீங்க 'என்ன குறை'ன்னு கேட்டீங்க. நான் 'குறை இல்லை, ஆசை'ன்னேன். இங்கிலீஷ்ல பார்த்தா ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்லியிருக்கோம். அப்புறம் எதுக்குங்க சண்டை போட்டோம்?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு வருஷம் அந்த வார்த்தையை எழுதியவன் நான். ஜன்னலுக்கு வெளியே நின்ற முகங்களைத் தினமும் பார்த்தவன். இல்லாதவர்கள்தான் ஆசைப்படுகிறார்கள் என்ற சின்ன விஷயம் எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. அவளுக்கு ஒரே பாடத்தில் உறைத்துவிட்டது.

"தண்ணி குடு" என்றேன்.

"தண்ணி வான்ட்டா?" என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்த வார்த்தையின் ராஜ்ஜியம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்று வீட்டு ஓனரோடு குழாய் ரிப்பேர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கண்டிப்பான மனிதர். சிரிப்புக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாடி ஜன்னல் திறந்தது. என் மனைவி தலையை நீட்டி, தெரு முனைவரை கேட்கும்படி, "ஏங்க! ஐ வான்ட் யூ!" என்றாள்.

சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நிறுத்திவிட்டார். எதிர்வீட்டு ஜன்னல்கள் இரண்டு திறந்தன. ஓனர் தொண்டையைக் கனைத்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு முதன்முதலாகக் கனிவான குரலில், "போங்க தம்பி, போங்க. குழாயை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

படிகளை நான்கு நான்காகத் தாண்டி மேலே போனேன். "நடுத்தெருவுல அப்படியா கத்துவாங்க?"

"மேனேஜர் கூப்பிட்டா மட்டும் பரவாயில்லையா? பரண்ல இருந்து அண்டாவை இறக்கணும், வாங்க."

அடுத்த வாரம் சுவரைக் காட்டி, "தி வால் வான்ட்ஸ் பெயின்டிங்" என்றாள். வாத்தியாராகப் பெருமைப்பட்டேன். புருஷனாக, பெயின்ட் டப்பா வாங்கி வந்தேன். நான் ஏணியில் நின்று அடிக்க, அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கச் சுவர் முடிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"செவத்துக்கு வான்ட் இருக்கலாம். ஜன்னலுக்கு, சைக்கிளுக்கெல்லாம் இருக்கலாம். எனக்கு இருக்கக் கூடாதாங்க?"

ஏணி மேல் நிற்கிறவன் எதிர்த்துப் பேசக் கூடாது. ஏணி அவள் கையில் இருந்தது. "பார்க்கலாம்" என்றேன்.

மூன்றாவது வாரம் அவளே நோட்டை மூடினாள். "போதும்ங்க. இந்த ஒரு வார்த்தையே இந்தப் பாடு படுத்துது. மீதியை யாரு படிக்கிறது?"

ஜெயித்துவிட்டேன்! முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் அவளைச் சினிமாவுக்கு அழைத்துப் போனேன். இருட்டில் அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். தோற்ற வருத்தம் என்று நினைத்து, இடைவேளையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். நிதானமாகச் சாப்பிட்டாள். அந்த நிதானத்தைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் வேலைப் பேச்சே எடுக்கவில்லை. மூன்று மாதம் கடந்தது. டைப் அக்கா கோர்ட்டிலிருந்து மதியமே வந்துவிடுவார். "பொழுது போகலைங்க, அக்காகூடப் போய்ப் பேசிட்டிருக்கேன்" என்பாள். பேசட்டுமே. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட, நான் படுத்திருக்கும்போது கீழே போவாள். ஒரு ஞாயிறு, கீழேயிருந்து டைப் சத்தம் வந்தது. வழக்கமாக அக்கா அடித்தால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். இதுவோ ஒழுகுகிற குழாய் மாதிரி டொக்... டொக்... என்று விட்டுவிட்டுக் கேட்டது. அவள் மேலே வந்ததும் விசாரித்தேன்.

"அக்காவுக்கு விரல்ல ஏதாவது வலியா?"

"ஆமாங்க. பாவம், வயசாகுதில்லை?"

"தைலம் தடவிக்கச் சொல்லு."

"சொல்றேன்" என்றாள்.

போகப்போக அந்த வலி குணமாகிவிட்டது. மழை நன்றாகப் பெய்தது. தைலம் வேலை செய்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம்தான் அந்த விளம்பரம் வந்தது. தபாலில், பணத்தோடு. கோர்ட் வாசல், மூன்றாம் நம்பர் மேஜை என்று முகவரி. எங்களுக்கு வருகிற விளம்பரங்களில் பாதி கோர்ட் வாசல் மேஜைகளில் டைப் அடித்து வருபவைதான். அக்காவின் மேஜைக்கு நம்பர் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. 'படித்த, கல்யாணமான பெண்ணுக்கு ஆபீஸ் வேலை தேவை. டைப் தெரியும். பெட்டி எண் மூலம் பதில்.' இவ்வளவுதான்.

வழக்கமாக வந்ததை வந்தபடி அனுப்பிவிடுவேன். அன்று என்னவோ மனசு கேட்கவில்லை. எழுத்துப் பிழை ஒன்று, சின்னப் பெண் முகத்தில் ஒட்டிய சோற்றுப்பருக்கை மாதிரி இருந்தது. அதைத் திருத்தினேன். ஒரு வரி இடம் மிச்சமிருந்தது. என் கையால் சேர்த்தேன். 'வேலை தேவை, தயவு தேவையில்லை.' இங்கிலீஷில் இன்னும் நன்றாக இருந்தது. என் சர்வீசில் நான் எழுதிய உருப்படியான ஒரே வரி அதுதான். ரசீதில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினேன்.

சாயங்காலம் காபியோடு இந்தப் பெருமையையும் வீட்டில் இறக்கி வைத்தேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"யாருன்னே தெரியாத பொண்ணுக்கா எழுதிக் குடுத்தீங்க? உங்களுக்குப் பெரிய மனசுங்க."

"பாவமா இருந்துச்சு. வீட்டுல இருக்கிறவன் எப்படிப்பட்டவனோ?"

"யாரைச் சொல்றீங்க?"

"அவ புருஷனைத்தான். பெட்டி எண் போட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு வேலை தேடறான்னா என்ன அர்த்தம்? ஆள் சரியில்லை. சுயநலம் பிடிச்சவனா இருப்பான்."

"அப்படிச் சொல்லாதீங்க. நல்லவராத்தான் இருப்பார். கொஞ்சம் விவரம் போதாம இருக்கலாம்" என்றாள், காபி டம்ளரைத் துடைத்தபடி.

ஒரே வாரத்தில் பதினொரு பதில்கள் வந்தன. எங்கள் அறையில் பெட்டி எண்களுக்காகப் புறாக்கூடு மாதிரி மர அலமாரி ஒன்று உண்டு. அந்தக் கூட்டில் மட்டும் கடிதம் பிதுங்கியது. நான்தான் கட்டி அனுப்பினேன். வீட்டில் சொன்னேன்.

"பதினொண்ணா! அதுல நல்ல இடம் எதுங்க?"

"உறையைப் பார்த்தாலே தெரியுமே. மூக்குக்கண்ணாடிக் கம்பெனி ஒண்ணு இருக்கு. மரியாதையான இடம். அந்தப் பொண்ணுக்குத் துளி புத்தி இருந்தா அங்கதான் போவா."

"புத்தி இருக்கும்ங்க" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை. நான் குளித்துவிட்டு வந்தால் மேஜை மேல் இரண்டு சாப்பாட்டு டப்பாக்கள். சாம்பல் நிறப் புடவையில், தோளில் பையோடு, அவள் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"வேலைக்கு."

"எந்த வேலைக்கு?"

"நீங்க சொன்ன இடம்தாங்க. மூக்குக்கண்ணாடிக் கம்பெனி."

துண்டு கையிலிருந்து நழுவியது. கீழ் வீட்டு மழை, பஸ்காரன், கோர்ட் வாசல், ஐஸ்கிரீம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் தலைக்குள் வந்து வரிசையில் நின்றன.

"என்னைக் கேக்காம..." என்று ஆரம்பித்தேன்.

"மேனேஜர் அதைத்தாங்க முதல்ல கேட்டார். 'வீட்டுக்காரருக்குச் சம்மதமா?'ன்னு. அவர் கையெழுத்தே இருக்கே சார்னு உங்க ரசீதை எடுத்துக் காட்டினேன்."

"அது விளம்பர ரசீது!"

"முத்திரை இருந்துதில்லை? அவருக்கு அதுவே போதுமா இருந்துச்சு." பிறகு குரல் மாறியது. "அந்தக் கடைசி வரியைப் பத்தி விசாரிச்சார். இவ்வளவு அழகா யார் எழுதினதுன்னு. எங்க வீட்டுக்காரர்னு சொன்னேன். எழுந்து நின்னு கை குடுத்தார்ங்க. உங்களுக்குக் குடுத்ததா நினைச்சுதான் வாங்கிக்கிட்டேன்."

நான் கோபப்பட முயற்சி செய்தேன். வரவில்லை. அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே எத்தனையோ பேர் வேலை கிடைத்ததென்று சொல்ல வந்து நின்றிருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் பார்த்த அதே வெளிச்சம் என் வீட்டுக்குள் நின்றது. அதை ஊதி அணைக்க எனக்குத் தெம்பில்லை.

முப்பத்தொரு வருஷம் அங்கே வேலை பார்த்தாள். மேனேஜராகவே ஓய்வு பெற்றாள். இன்றும் எங்கள் வீட்டில் கண்ணாடிக்கு மட்டும் பஞ்சமில்லை. கழற்றி வைத்த இடம்தான் தெரியாது. அந்த மாடி வீடு இடிந்து வேறு யாருடைய வீடாகவோ ஆகிவிட்டது. டைப் அக்காவும் இல்லை. ஆனால் எப்போதாவது மழை தகரத்தில் விழும்போது நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம். யார் அடிக்கிறார்கள் என்று கேட்கிற மாதிரி.

அந்த முதல் நாள் சாயங்காலத்தைச் சொல்லாமல் முடித்தால் கதை எனக்குச் சாதகமாகப் போய்விடும். ஆறரைக்கு நான் வீடு வந்தேன். கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி என்ற ஒன்றை நான் எடுத்துப்போக வேண்டும் என்று தோன்றியதே இல்லை. கீழே அக்காவும் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்தேன். பசித்தது. கொசு கடித்தது. ஓனர் அந்தப் பக்கம் போனவர் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், நாகரிகமாக வேகமாக நடந்தார். ஏழரைக்கு அவள் வந்தாள். பஸ் தாமதமாம். முகத்தில் களைப்பு, அதைவிடச் சந்தோஷம்.

"ஒரு மணி நேரமா உட்கார்ந்திருக்கேன். காபி இல்லை, தண்ணி இல்லை, கொசு வேற பிச்சுத் தின்னுது" என்றேன்.

அவள் பூட்டைத் திறந்தாள். பையைக் கீழே வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு சந்தேகம். 'உங்களுக்கு நல்லா வேணும்'னு சொல்றோமே, அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்?"

சொல்லிக்கொடுத்தேன்.